ஃபோக்ஸ்வாகன் சமுகத்துக்கு ஒரு பாராட்டு மடல்

அனுப்புநர்:
தங்கள் பங்கு ஒன்றுகூடக் கையில் இல்லாத, தங்கள் கார் எதையும் வாங்க வழியில்லாத, ஆனாலும் தங்கள்மீது தீராத கரிசனம் கொண்ட ஒரு தமிழர்.

பெறுநர்:
மாட்சிமை தங்கிய நிர்வாகக் குழுவினர், ஃபோக்ஸ்வாகன் நிறுவனம், வோல்ஃப்ஸ்பர்க், ஜெர்மனி.

பொருள்: 35,000 வேலைகளைச் சத்தமில்லாமல் ஒழித்தமைக்குப் பாராட்டு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 20.12.2024 அன்று ஹனோவரில் தாங்களும் ஐஜி மெட்டால் தொழிற்சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தம்.

ஐயன்மீர், அம்மையீர்,

35,000 வேலைகளுக்கு முடிவு கட்டிவிட்டு, அதற்கு ‘கிறிஸ்துமஸ் அதிசயம்’ என்று பத்திரிகைகளில் பேர் வாங்குவது சாதாரண நிர்வாகிகளால் ஆகிற காரியமா? எங்கள் பக்கத்து முதலாளிகளுக்கு இந்த நயமெல்லாம் வராது. ராத்திரியோடு ராத்திரியாகக் கேட்டில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். காலையில் ஷிஃப்டுக்கு வருகிறவன் அதைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். தங்களிடம் அவர்கள் பாடம் கேட்க வேண்டும் என்ற ஆசையில்தான் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் பாடம், 2024 செப்டம்பர் 2. ஜெர்மனியில் ஆலைகளை மூடும் யோசனையும் உண்டு என்றும், 1994 முதல் நடப்பில் இருந்த வேலைப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வதாகவும் அன்றைக்கு அறிவித்தீர்கள். முப்பது ஆண்டுகள் பத்திரமாக இருந்த உத்தரவாதம், தொழிலாளிக்கு அது நிஜமாகவே தேவைப்பட்ட நாளில் காலாவதியானது. இரண்டு நாள் கழித்து நடந்த தொழிலாளர் கூட்டத்தில் தங்கள் நிதித் தலைவர் ஆர்னோ ஆன்ட்லிட்ஸ் கணக்குச் சொன்னார்: ஐரோப்பாவில் ஏறக்குறைய 5 லட்சம் கார்களின் விற்பனை இல்லாமல் போய்விட்டது, அது இரண்டு ஆலைகளின் உற்பத்திக்குச் சமம், சரிசெய்ய ஓர் ஆண்டு, மிஞ்சினால் இரண்டு ஆண்டுதான் இருக்கிறது. கூட்டத்தில் இருந்தவர்களோ நாங்கள்தான் ஃபோக்ஸ்வாகன், நீங்கள் இல்லை என்று கோஷம் போட்டார்கள். சோறு போடுகிறவர்களிடம் இப்படியா பேசுவது என்று எனக்கே கோபம் வந்தது. யார் யாருக்குச் சோறு போடுகிறார்கள் என்று பிறகு கணக்குப் பார்த்தபோதுதான் அந்தக் கோபம் தணிந்தது.

அந்தக் கணக்கு இது. 2015இல், புகைப் பரிசோதனையின்போது மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும் மென்பொருளைத் தங்கள் டீசல் வண்டிகளில் பொருத்தியிருந்தது அம்பலமானது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். அபராதம், வழக்கு, இழப்பீடு எல்லாம் சேர்ந்து 3,000 கோடி யூரோவுக்கு மேல் போயிற்று. தாங்கள் வண்டிகளில் ஏற்றிய மென்பொருள்களிலேயே பிசகில்லாமல் வேலை செய்தது அது ஒன்றுதான் போலிருக்கிறது. ஏனென்றால், கார் மென்பொருளுக்கென்று காரியாட் என்ற தனி நிறுவனத்தைத் தொடங்கிக் காசைக் கொட்டியும், மென்பொருள் தயாராகாமல் புதிய மாடல்கள் காத்துக் கிடந்தன. கடைசியில் 2024 நவம்பரில், அமெரிக்காவின் ரிவியன் நிறுவனத்தோடு 580 கோடி டாலர் வரைக்கும் முதலீடு பேசி, மென்பொருளுக்குக் கூட்டு சேர்ந்தீர்கள். இதற்கிடையில் சீனச் சந்தையில் பல்லாண்டுகள் தங்களுக்கு இருந்த முதலிடத்தை 2023இல் அந்நாட்டு பிஒய்டி நிறுவனம் எடுத்துக்கொண்டது.

இவற்றில் எந்த முடிவையும் எம்டன் ஆலையில் கதவு பொருத்துகிறவர் எடுக்கவில்லை. ஆனால் அதே 2024 நவம்பரில் அவரிடம் 10 சதவீதச் சம்பளக் குறைப்பைக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். குறைந்தது மூன்று ஆலைகளை மூடும் திட்டம் இருப்பதாக ஊழியர் மன்றத் தலைவர் டானியேலா காவல்லோ அதற்கு முந்தைய மாதமே சொல்லியிருந்தார். அந்த ஆண்டுதான் பங்குதாரர்களுக்கு 450 கோடி யூரோ ஈவுத்தொகை கொடுத்தீர்கள். தலைமை நிர்வாகி ஆலிவர் புளூமேயின் அவ்வாண்டு ஊதியம் 1 கோடி யூரோவைத் தாண்டியது. அவர் போர்ஷே நிறுவனத்துக்கும் சேர்த்துத் தலைவராக இருந்தார் என்பதை மறக்கவில்லை. ஒரே ஆள் இரண்டு வேலை பார்ப்பதுதானே நிஜமான ஆட்குறைப்பு! பின்னால் வந்த ஒப்பந்தத்தை ஒட்டித் தாங்களும் ஊதியத்தில் ஏறக்குறைய 10 சதவீதம் விட்டுக்கொடுத்தீர்கள் என்று படித்தேன். 1 கோடியில் 10 லட்சம் போனால் மீதி 90 லட்சம். அதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது எத்தனை சிரமம் என்று நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

சங்கத்தால் தங்களுக்கு நேர்ந்த தொல்லைக்கு வருகிறேன். வேறு கார் கம்பெனிகள் மூட நினைத்தால் மூடிவிடுகின்றன. தங்களால் மட்டும் ஏன் முடியவில்லை? இதற்குக் காரணம் காவல்லோ அம்மையார் இல்லை, அடால்ஃப் ஹிட்லர். 1933 மே 1ஆம் தேதியைத் தொழிலாளர்களுக்கு விடுமுறை நாளாக்கிக் கொண்டாடிய நாஜி அரசு, மறுநாளே ஜெர்மனி முழுக்கத் தொழிற்சங்க அலுவலகங்களுக்குள் புகுந்து தலைவர்களைக் கைது செய்தது. கட்டடங்களும் சந்தாப் பணமும் பறிபோயின. அந்தச் சொத்து, நாஜிகள் அமைத்த ஜெர்மன் தொழிலாளர் முன்னணியின் கைக்குப் போனது. 1938இல் அடிக்கல் நாட்டிய தங்கள் ஆலைக்குப் பணம் போட்டது அந்த முன்னணிதான். ‘மக்கள் கார்’ வரும் என்று நம்பி வாரம் 5 மார்க் வீதம் சேமித்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். ஒருவருக்கும் வண்டி வரவில்லை. போர் வந்தது, ஆலையில் கட்டாய உழைப்பாளிகள் வந்தார்கள்.

ஆக, சங்கம் எதற்கு என்று எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்து கேட்கிறீர்களோ, அந்தக் கட்டடமே சங்கத்தின் காசு.

போருக்குப் பிறகு இந்த ஆலை யாருடையது என்ற கேள்வி வந்தபோது இந்த வரலாறும் பேசப்பட்டது. 1960இல் தனிச் சட்டம் போட்டு முடிவுக்கு வந்தார்கள். லோயர் சாக்சனி மாநிலத்துக்கு இன்றும் 20 சதவீத வாக்கு. ஓர் ஆலையைத் தொடங்கவோ வேறிடத்துக்கு மாற்றவோ மேற்பார்வைக் குழுவில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். அந்தக் குழுவின் 20 நாற்காலிகளில் 10 தொழிலாளர் தரப்புக்கு. மூட வேண்டும் என்று தோன்றிய மாத்திரத்தில் மூட முடியாமல் போனதற்கு இந்தப் பத்து நாற்காலிகளும் ஒரு காரணம்.

சங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று தாங்கள் நினைக்கக் கூடாது. அதை வசப்படுத்தும் வித்தையையும் தாங்கள் முயன்று பார்த்தவர்கள்தானே! 1993இல் 30,000 வேலைகள் ஆபத்தில் இருந்தபோது, வாரத்துக்கு நாலு நாள், 28.8 மணி நேரம் என்று வேலையைப் பகிர்ந்து, சம்பளத்தையும் குறைத்து, ஒருவரையும் வெளியே அனுப்பாமல் சமாளித்த மனிதவளத் தலைவர் பீட்டர் ஹார்ட்ஸ். ஊழியர் மன்றத் தலைவர்களின் உல்லாசப் பயணங்களுக்கும் அதற்கு மேலான உல்லாசங்களுக்கும் கம்பெனிப் பணம் போன விவகாரம் 2005இல் வெடித்து, 2007இல் தண்டனை பெற்றவரும் அதே பீட்டர் ஹார்ட்ஸ். சங்கத்தோடு நேர்மையாகப் பேசியபோது 30,000 குடும்பம் பிழைத்தது. அதை விலைக்கு வாங்கப் பார்த்தபோது எல்லோர் மானமும் போனது. எது சிக்கனம் என்று தங்கள் கணக்குப்பிள்ளைகள் சொல்லட்டும்.

2024 டிசம்பர் 2ஆம் தேதி ஒன்பது ஆலைகளில் ஏறக்குறைய 1 லட்சம் பேர் இரண்டு மணி நேரம் வேலையை நிறுத்தினார்கள். டிசம்பர் 9ஆம் தேதி நாலு மணி நேரம். எச்சரிக்கை வேலைநிறுத்தம் என்று பெயர். பேருந்து எரியவில்லை, கல் பறக்கவில்லை. தங்கள் குடும்பத்தைச் சேர்ந்த ஆடி கார் ஆலை பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் இருந்ததே, அங்கே நடந்ததைப் பார்த்தீர்களா? மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் அங்கிருந்தவர்கள் தயாராகி நின்ற சுமார் 200 கார்களின் சாவிகளை எடுத்து வைத்துக்கொண்டார்கள். பதில் சொன்னால் சாவி தருகிறோம் என்றார்கள். அதற்கெல்லாம் மசியாமல் 2025 பிப்ரவரி 28 அன்று ஆலையை மூடினீர்கள். ஏறக்குறைய 3,000 பேர்.

வோல்ஃப்ஸ்பர்கில் பத்து நாற்காலி. பிரஸ்ஸல்ஸில் இருநூறு சாவி. ஒரே முதலாளி, இரண்டு முடிவு. மேற்பார்வைக் குழுவில் நாற்காலி இருப்பது சங்கத்துக்கு எவ்வளவு பலம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான பரிசோதனையைத் தங்களாலன்றி வேறு யாராலும் நடத்திக் காட்டியிருக்க முடியாது.

இனி அந்த அதிசயம். எழுபது மணி நேரத்துக்கும் மேல் பேசி எழுதிய ஒப்பந்தத்தின்படி 2030க்குள் 35,000க்கும் மேற்பட்ட வேலைகள் போகும். கட்டாயப் பணிநீக்கம் அதுவரை கிடையாது. முன்கூட்டிய ஓய்வு, விருப்ப விலகல் என்ற வழிகளில் தானாக வற்றிவிடும். ஜெர்மன் ஆலைகளின் திறனில் ஆண்டுக்கு 7 லட்சத்து 34 ஆயிரம் வண்டிகள் குறையும். தங்கள் கோல்ஃப் மாடலின் உற்பத்தி மெக்சிகோவின் புவெப்லாவுக்குப் போகும். 5.5 சதவீதச் சம்பள உயர்வு உண்டு. ஆனால் கையில் வராது, ஆட்குறைப்புச் செலவுக்கான நிதிக்குப் போகும். தொழிலாளியின் சம்பள உயர்விலிருந்தே தொழிலாளியை வழியனுப்பும் இந்த ஏற்பாட்டுக்கு நோபல் பரிசு கொடுத்தாலும் தகும். டிரெஸ்டனில் ஊரே பார்க்கும்படி கண்ணாடிச் சுவரோடு கட்டிய ஆலையில் 2025 டிசம்பரோடு கார் உற்பத்தி நின்றது. ஒளிவுமறைவற்ற நிர்வாகம் என்பது இதுதான்.

எல்லாவற்றிலும் நான் வியந்தது ஒன்றுண்டு. ஆண்டுக்கு 1,400 இளைஞர்களைத் தொழில் பழகுநர்களாக எடுத்துவந்த தாங்கள், 2026 முதல் அதை 600 ஆக்கியிருக்கிறீர்கள். மீதி 800 பேர் யார் என்று தங்களுக்கும் தெரியாது, சங்கத்துக்கும் தெரியாது. அவர்களிடம் உறுப்பினர் அட்டை இல்லை. பேச்சுவார்த்தை மேசையில் அவர்களுக்கு இடமில்லை. உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்ற, இன்னும் உள்ளே வராதவர்களை விட்டுக்கொடுத்ததில் இரு தரப்புக்கும் முழு உடன்பாடு. சங்கத்தைப் பாராட்டி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி மூச்சு விட வேண்டும்.

ஆகவே சமுகத்தைத் தாழ்மையுடன் வேண்டுவது:

1. ஐந்து லட்சம் கார் என்றால் இரண்டு ஆலை என்று அளந்தீர்கள். அடுத்த முறை ஈவுத்தொகையையும், டீசல் அபராதத்தையும் அதே படியால் அளந்து, எத்தனை ஆலை என்று அறிவிக்க வேண்டும்.

2. தங்கள் சமையற்கூடத்தில் தயாராகும் கறிச் சாசேஜுக்கு 199 398 500 ஏ என்று உதிரிபாக எண்ணே உண்டு. 2024இல் 85 லட்சத்துக்கு மேல் செய்தீர்கள்; தங்கள் சின்னம் தாங்கிய கார்கள்கூட அத்தனை விற்கவில்லை. 2021இல் தலைமையக உணவகம் ஒன்றில் அதை நிறுத்தினீர்கள். ஜெர்மனியின் முன்னாள் சான்சலர் ஷ்ரோடர் வரை கண்டனம் தெரிவித்தார். 2023இல் திரும்பக் கொண்டுவந்தீர்கள். தவறான முடிவைத் திரும்பப் பெறத் தங்களுக்குத் தெரியும் என்பதற்கு இதுவே சான்று. தொழிலாளர் விஷயத்திலும் அந்தப் பெருந்தன்மையைக் காட்ட வேண்டும்.

3. பத்து நாற்காலிகளில் ஒன்றையாவது வெளிநாட்டு ஆலைகளின் தொழிலாளர்களுக்கு ஒதுக்கும்படி ஐஜி மெட்டால் தோழர்களிடமும் சொல்லி வைக்க வேண்டும்.

முடிவாக ஒரு வார்த்தை, பகடி இல்லாமல். சங்கம் அந்த 35,000 வேலைகளைக் காப்பாற்றவில்லை. எண்ணூறு இளைஞர்களையும் கைவிட்டது. ஆனால் சங்கம் இருந்த இடத்தில், ஒரு தொழிலாளியை வெளியே அனுப்புவதற்கு முன் தாங்கள் அவருடைய ஆட்களோடு எழுபது மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. அது இல்லாத இடங்களில் ஒரு நோட்டீஸும் கொஞ்சம் பசையும் போதும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கார் இல்லாதவன்.

நகல்: தொழிற்சங்கம் எதற்கு என்று கேட்கும் அனைவருக்கும் – தகவலுக்காகவும், தாங்கள் வேலை செய்யும் இடத்தில் தக்க நடவடிக்கைக்காகவும்.