காக்கா கடியும் வருகைப் பதிவேடும்: ஒரு பூர்வாங்க ஆய்வு

பள்ளி நட்பை ஆராய்ந்தவர்கள் மனசைத் துருவிய அளவுக்கு பெஞ்சைத் துருவவில்லை. ஜேக்கப் மொரேனோ விதிவிலக்கு. ‘பக்கத்தில் யார் உட்கார வேண்டும்?’ என்று மாணவர்களிடமே கேட்டு, பதில்களை வட்டமும் கோடுமாக வரைந்து 1934இல் நூலாக வெளியிட்டார். நம் வகுப்புகளில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. குள்ளம் முன்னால், நெட்டை பின்னால், தீர்ந்தது.

உயரம் விட்டுவைத்ததை அகரவரிசை முடித்துவைக்கும். அமெரிக்காவின் மேரிலாந்தில் போலீஸ் பயிற்சிக்கு வந்தவர்களுக்குக் குடும்பப் பெயரின் எழுத்து வரிசையில் இடம் ஒதுக்கினார்கள். அடுத்தடுத்த எழுத்துக்காரர்களே பெரும்பாலும் நண்பர்களானார்கள் என்று 1974இல் மேடி செகல் காட்டினார். தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது, பதிவேட்டில் சொந்தப் பெயர்தான். ஆகவே, தொட்டிலில் கிடந்த குழந்தையின் காதில் அத்தை ‘சரவணன்’ என்று சொன்னபோதே, பதினொன்றாம் வகுப்பு வேதியியல் லேபில் அவன் செந்திலோடும் சுரேஷோடும் ஒரே பேட்சில் நிற்பது ஏறக்குறைய உறுதியாகிவிட்டது.

பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. நட்புக்குச் சடங்கு வேண்டும். அதுவே காக்கா கடி. மிட்டாயைச் சட்டை நுனியில் சுற்றி, துணிக்கு மேலாகக் கடித்து இரண்டாக்குவது. நடுவில் துணி இருப்பதால் எச்சில் படாது என்பது கோட்பாடு. துணி நனைந்துவிடுமே என்றோ, அதே நுனிதான் காலையில் மூக்கைத் துடைத்தது என்றோ எதிர்வாதம் செய்தவர்களுக்கு மிட்டாய் கிடைத்ததில்லை. இம்முறைக்குக் கமர்கட் உத்தமம். தேன் மிட்டாய் ஆகாது, பாகு முழுவதையும் சட்டை குடித்துவிடும். அரசு ஆண்டுக்கு நான்கு இணை விலையில்லாச் சீருடை வழங்குவதில் இந்தத் தேய்மானமும் கணக்கிடப்பட்டதா என்பது தனி ஆய்வுக்குரியது.

துண்டுகள் சமமாக உடைவதில்லை. பெரியது யாருக்கு என்பதில்தான் பேச்சை முறிக்கும் ‘காய்’ பிறக்கிறது. திருக்குறள் நட்பைச் சுற்றி 79 முதல் 83 வரை ஐந்து அதிகாரம் ஒதுக்கியும், காய் விட்டவனிடமிருந்து ஸ்கேலைத் திரும்ப வாங்கும் வழியை விளக்கவில்லை. வகுப்பறை தானே ஒன்றைக் கண்டுபிடித்தது: நடுவில் உட்கார்ந்தவன் தூதன்.

“டேய், அவன்கிட்ட ஸ்கேலைக் குடுக்கச் சொல்லு.”

“டேய், அவன் ஸ்கேலைக் குடுக்கணுமாம்.”

“எனக்கும் காது இருக்குன்னு அவன்கிட்ட சொல்லு.”

மூவரும் ஒரே பெஞ்ச். தூதனுக்குக் கூலி, அடுத்த கமர்கட்டில் மூன்றாவது கடி.