க்யூசி சார்

மணவாள நகரில் அவர் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. 'க்யூசி சார் வீடு எது?' என்று கேட்டுப் பாருங்கள். டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் கிளாஸைக் கீழே வைக்காமல் முகவாயாலேயே வழி காட்டுவார். சில சமயம், 'எந்த க்யூசி சார்?' என்று எதிர்க்கேள்வியும் வரலாம். அதிலும் நியாயம் உண்டு. திருவள்ளூர் ரயில் நிலையத்துக்குத் தெற்குப் பக்கம் இறங்கி நடந்தால் தெருவுக்கு ஒருவராவது இந்த ரகத்தில் அகப்படுவார். ஆகவே இங்கே வரும் சார் தனி ஆள் அல்ல. நாலைந்து பேரை உருக்கி ஒரே அச்சில் வார்த்தது.

சார் வேலை பார்த்தது அம்பத்தூர் தொழிற்பேட்டையில். 1964இல் ஆரம்பித்த அந்தப் பேட்டையில் பெரிய கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் பட்டறைகள் ஏராளம். அப்படி ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் குவாலிட்டி கன்ட்ரோல். காலையில் திருவள்ளூரில் லோக்கல் பிடித்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, லேத்திலிருந்து சுடச்சுட வரும் புஷ்ஷை அளக்க வேண்டும். கையில் வெர்னியர்; மேஜை மேல் கோ கேஜ், நோ-கோ கேஜ். துவாரத்தில் முதலாவது நுழைய வேண்டும், இரண்டாவது நுழையக் கூடாது. நுழைந்தால் தொலைந்தது. தீர்ப்பு மூன்றே மூன்றுதான்: ஓகே, ரீவொர்க், ரிஜெக்ட்.

ரிட்டயர் ஆன அன்று வெர்னியரைக் கம்பெனியில் ஒப்படைத்தார். அந்த மூன்று தீர்ப்பையும் ஒப்படைக்கும்படி யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டார்.

முதலில் மாட்டிக்கொண்டவை புத்தகங்கள்.

திருவள்ளூரிலிருந்து சென்னை போகும் லோக்கல்கள் பலவும் போய் நிற்கும் இடத்துக்கு இன்றும் மூர் மார்க்கெட் வளாகம் என்றுதான் பெயர். 1985இல் எரிந்துபோன அந்தச் சிவப்புக் கட்டடத்தில் பழைய புத்தகக் கடைகள் வரிசை வரிசையாக இருந்தன. தீக்குப் பிறகு வியாபாரிகள் பக்கத்தில் அல்லிக்குளத்துக்குப் போனார்கள். சாரும் பின்னாலேயே போனார். மாதத்துக்கு ஒரு ஞாயிறு ஒரு பை புத்தகம் வரும். படித்துவிட்டாரா என்று கேட்கக் கூடாது. பார்த்துவிட்டாரா என்று கேட்க வேண்டும்.

"ஆயிரம் போல்ட் வந்தா ஆயிரத்தையுமா அளப்பாங்க? மேலேர்ந்து நாலு, அடியிலேர்ந்து நாலு. அதுக்குப் பேர் சாம்பிளிங்."

பொன்னியின் செல்வனுக்கும் இதே விதிதான். 1950 முதல் 1954 வரை கல்கி வாராவாரம் எழுதிய ஐந்து பாகத்தில் முதல் பாகமான புது வெள்ளத்தையும் கடைசிப் பாகமான தியாக சிகரத்தையும் சார் அளந்திருக்கிறார். சுழற்காற்று, கொலைவாள், மணிமகுடம் மூன்றும் அவர் கணக்கில் பெட்டியின் நடுப்பகுதி. 2022லும் 2023லும் மணிரத்னம் அதை இரண்டே படமாக எடுத்தபோது சார் துளியும் ஆச்சரியப்படவில்லை. "ரெண்டு போதும்னு நான் எப்பவோ சொல்லிட்டேன்." ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று எழுபது வருஷமாக வாசகர்கள் அடித்துக்கொள்ளும் விவகாரம் அவரைத் தொடவே இல்லை. கொலை நடப்பது கடைசிப் பாகத்தில்தான். ஆனால் அந்தப் பக்கம் அவர் சாம்பிளில் வரவில்லை.

இந்திப் படம் வேறு இலாகா.

சாருக்கு இந்தி தெரியாது. அதைக் குறையாகவும் அவர் நினைத்ததில்லை. "போல்ட்டுக்கு மட்டும் பேசத் தெரியுமா? நான் அளக்கலையா?" என்பார். அவருடைய அளவுகோல் தமிழ்ப் படம். அதுவும் தான் முதலில் எதைப் பார்த்தாரோ அதுதான் அசல். அமிதாப் நடித்த டான் 1978இல் வந்தது. அதிலிருந்து பில்லா வந்தது 1980இல். சார் முதலில் பார்த்தது பில்லா. ஆகவே டான் பற்றிய தீர்ப்பு: "பையன் நல்லா முயற்சி பண்ணியிருக்கான். ரஜினி ஸ்டைல் வரல." 1975இன் தீவாருக்கும் 1981இன் தீக்கும் இதே கணக்கு. யாதோன் கி பாராத் படத்தில் அவருக்கு ஒரே மனக்குறை. பிரிந்துபோன மூன்று அண்ணன் தம்பிகளுக்கு இந்தியில் மூன்று நடிகர்களைப் போட்டுவிட்டார்கள். தமிழில் நாளை நமதே எடுத்தபோது மூவரில் இரண்டு பேர் எம்.ஜி.ஆர். "ஒரு ஆள்ல முடியற வேலைக்கு ரெண்டு ஆள் போட்டா கம்பெனி உருப்படுமா?"

தகவலில் மட்டும் சாரை அசைக்க முடியாது. ஷோலே வெளியான 1975 ஆகஸ்ட் 15ஆம் தேதிதான் சென்னைத் தொலைக்காட்சி நிலையமும் தொடங்கியது என்பார். சரியான தகவல். ஜனங்களைக் கொட்டகைக்கு இழுக்க ஒன்று, வீட்டிலேயே உட்காரவைக்க ஒன்று என்று யாரோ டெல்லியில் உட்கார்ந்து திட்டம் போட்டதாக அடுத்த வரியில் சொல்லும்போதுதான் கேட்பவர் பீடியைத் தேட ஆரம்பிப்பார். ஷோலேயின் மலைப்பாறைகள் வடக்கே எங்கோ இருப்பவை அல்ல, பெங்களூருக்குப் பக்கத்து ராமநகரம் என்பார். அதுவும் சரி. ஆகவே அது தென்னிந்தியப் படம். இந்தி பேசுகிறார்கள், அவ்வளவுதான். அந்தப் படத்தில் தாக்கூர் கப்பர் சிங்கைக் கொல்வதாக எடுத்த முடிவை, எமர்ஜென்சிக் காலத்துத் தணிக்கைக் குழு ஏற்காமல், போலீஸ் வந்து பிடிப்பதாக மாற்ற வைத்தது. சாருக்கு இந்திய சினிமா வரலாற்றிலேயே பிடித்த சம்பவம் இதுதான். "பாத்தீங்களா, ரீவொர்க்!"

வஹீதா ரஹ்மானைப் பற்றி அவர் முன்னால் ஒரு வார்த்தை தவறிப் பேசக் கூடாது. செங்கல்பட்டில் பிறந்தவர் அந்த அம்மா. அதனால் சாருக்கு என்ன என்று கேட்டால், திருவள்ளூர் தனி மாவட்டம் ஆனது 1997இல்தான், அதற்கு முன்னால் நாமும் செங்கல்பட்டு மாவட்டம்தானே என்று ரெவின்யூ ஆவணம் போலப் பதில் வரும். ஆர்.கே. நாராயணின் 'கைட்' நாவலை 1965இல் வஹீதாவை வைத்து இந்தியில் எடுத்தபோது கதையை மால்குடியிலிருந்து பெயர்த்து ராஜஸ்தான் பக்கம் கொண்டுபோனார்கள். தன் கதைக்கு நேர்ந்த கதியை நாராயணே கட்டுரையாக எழுதிப் புலம்பினார். சார் இந்த வழக்கில் நாராயணுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறார். "நம்ம மாவட்டத்துப் பொண்ணுக்கு ஒரு சான்ஸ் கெடச்சுது. எழுத்தாளர் கொஞ்சம் விட்டுக் குடுத்திருக்கலாம்." நாவல்? மேலிருந்து நாலு பக்கம், அடியிலிருந்து நாலு பக்கம்.

இந்த இந்தி ஞானத்துக்குச் சமீபத்தில் ஒரு சோதனை வந்தது. சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்த பீகார் பையன்கள் சிலர் பக்கத்து போர்ஷனில் குடியேறினார்கள். இனி நம் காலம் என்று சார் வாசலில் நாற்காலி போட்டார். அவருக்கு மனப்பாடமான ஒரே இந்தி வசனம், மொத்தம் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கப்பர் சிங் தன் ஆட்களை மிரட்டுவது. அதே உறுமலோடு எடுத்துவிட்டார். பையன் பயந்துபோய், ஆறு பேர்தான் சார் தங்கியிருக்கிறோம், வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டோம் என்று கையைக் கூப்பினான். அவன் ஷோலே பார்த்ததில்லை. அவன் போனில் இருந்தவை விஜய் படமும் அல்லு அர்ஜுன் படமும், இந்திக் குரலில். சார் அன்று சாயங்காலம் டீ கூடக் குடிக்கவில்லை.

அந்தப் பையன் சொன்னதை உள்ளேயிருந்து தமிழில் சொன்னது யார் என்பதுதான் இன்னும் பெரிய அதிர்ச்சி. சாரின் மனைவிதான். அந்த அம்மா கல்யாணத்துக்கு முன்னால் தட்சிண பாரத இந்தி பிரசார சபா பரீட்சைகளில் பிராத்மிக், மத்யமா, ராஷ்ட்ரபாஷா மூன்றும் தேறியவர். அன்று முதல் பையன்களுக்கு ரேஷன் கடை எது, கேஸ் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் அவர் வழியாகத்தான். இத்தனை வருஷமாக ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷன் படங்களுக்கு இவர் விளக்கம் சொல்ல, அந்த அம்மா கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே தலையாட்டிக் கேட்டிருக்கிறார்.

"ஏம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க சொன்ன கதையும் நல்லாத்தாங்க இருந்துச்சு."

மூன்றாவது இலாகா சமையல். இங்கே சாருக்கு அனுபவம் உண்டு என்று எதிரிகூடச் சொல்ல மாட்டார். அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர் எந்தப் பக்கம் பிடிப்பது என்பதில் இன்னும் தெளிவு பிறக்கவில்லை. ஆனால் அலமாரியில் மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' இருக்கிறது. 1951இல் முதல் பாகம் வந்து, கல்யாணமாகிப் போகும் பெண்களின் பெட்டியில் புடவையோடு வைத்து அனுப்பப்பட்ட புத்தகம். அதன் தலைப்பில் இருக்கும் இரண்டு சொல்லில் முதலாவதை மனைவிக்கும் இரண்டாவதைத் தனக்கும் என்று சார் பாகம் பிரித்துக்கொண்டார்.

அவர் பார்த்த வரையில் அந்தப் புத்தகத்தின் பெரிய சிக்கல் அளவு. நாட்டில் மெட்ரிக் முறை வருவதற்கு முந்தைய எழுத்து. ஆழாக்கும் பலமுமாக நடக்கும். எட்டு ஆழாக்கு ஒரு படி, ஒரு பலம் சுமார் 35 கிராம் என்று சார் சுவரில் ஒரு காலண்டரின் பின்புறத்தில் அட்டவணை எழுதி ஒட்டினார். டிஜிட்டல் தராசும் வந்தது. புளியை அதில் வைத்து, கொட்டை இருந்ததால் எடை சேராது என்று ரிஜெக்ட் செய்த நாளில் குழம்பு மத்தியானம் மூன்று மணிக்குத்தான் ஆயிற்று. அந்த அம்மா இன்று வரை கைப்பிடி, விரல்நுனி, கண்ணளவு என்கிற மூன்று கருவிகளை வைத்துத்தான் சமைக்கிறார். மூன்றையும் காலிப்ரேட் செய்ய வழி கிடையாது என்பது சாரின் நிரந்தரப் புகார்.

சாப்பாட்டுத் தட்டின் முன் அவர் உட்காரும் தோரணையே தனி. முதல் கவளம் சாம்பிள். கண்ணை மூடுவார். வீட்டில் எல்லோரும் மேலே ஓடும் விசிறியைப் பார்ப்பார்கள். பிறகு தீர்ப்பு வரும். ரசம்: ஓகே, ஆனால் மிளகு டாலரன்ஸைத் தாண்டுகிறது. அவியல்: ரீவொர்க். கோதுமை ரவை உப்புமா எந்த வருஷத்திலும் பாஸ் ஆனதில்லை. ஆனால் தட்டில் மிஞ்சியதும் இல்லை.

அம்பத்தூரில் கூட வேலை பார்த்தவர்கள் சொல்லும் கதை வேறு. மத்தியானம் ஐந்தாறு டிபன் பாக்ஸ் ஒன்றாகத் திறக்கும். அங்கே சார் அத்தனை பாக்ஸுக்கும் மதிப்பெண் போடுவார், தன் பாக்ஸைத் தவிர. அதை மட்டும் மூடியால் பாதி மறைத்துக்கொண்டு, "எங்க வீட்டு வத்தக்குழம்பு மாதிரி உங்க யார் வீட்டுலயும் வராது, பேசாம சாப்பிடுங்க" என்பாராம். இந்தச் செய்தி மணவாள நகருக்கு வந்து சேர்ந்தபோது அந்த அம்மா நம்பவில்லை.

போன வருஷம் மகள் வந்திருந்தபோது 'தி லஞ்ச்பாக்ஸ்' போட்டுக் காட்டினாள். புத்தகம், இந்திப் படம், வீட்டுச் சாப்பாடு என்று சாரின் மூன்று இலாகாக்களில் இரண்டு ஒரே இடத்தில் அகப்பட்ட படம். 2013இல் வந்தது. புருஷனுக்கு அனுப்பிய டப்பா தவறிப்போய், ரிட்டயர் ஆகப்போகும் ஒரு ஆபீஸ் குமாஸ்தாவின் மேஜைக்குப் போய்ச் சேரும். இர்ஃபான் கான். மாடி வீட்டு ஆன்ட்டி குரலாகவே வருவார்; கயிற்றில் கூடை மட்டும் இறங்கும். மறுநாள் அந்தப் பெண் டப்பாவில் ஒரு கடிதம் வைக்கிறாள். அவன் எழுதும் முதல் பதிலே சாப்பாட்டில் உப்பு அதிகம் என்பதுதான். சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். சினிமாவில் முதல் தடவையாக ஒரு க்யூசி ஆளைப் பார்க்கிற சந்தோஷம் முகத்தில்.

"கரெக்டா சொல்றான் பாரு!"

"மறுநாள் அவ மிளகாயை அள்ளிப் போட்டு அனுப்பறா, அதையும் பாருங்க" என்றார் அந்த அம்மா, தூக்குச்சட்டியைத் துடைத்தபடி.

மாதத்தில் ஒரு நாள் மட்டும் சாருக்கு வேலை இல்லை. அமாவாசை. வீரராகவப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் குவிந்து திருவள்ளூர் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இருக்காது. வீட்டில் அப்பாவுக்கும் தாத்தாவுக்கும் படையல். வாழைக்காய், பூசணிக்காய், பாசிப்பருப்புப் பாயசம். படைக்கிற வரை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்புப் பார்க்க நாக்கில் ஒரு சொட்டு விட்டாலும் தோஷம். சார் சமையலறை வாசலில் மூன்று தடவை வந்து நின்று, மூன்று தடவையும் திரும்பிப் போவார். மாமனார் காலத்திலிருந்து அந்த அம்மா நிம்மதியாகச் சமைப்பது இந்த ஒரு நாள்தான். பூசணிக்காய் சாம்பார் அன்று மணக்கிற மணம் பீகார் பையன்களையும் கதவைத் திறக்க வைக்கும்.

போன அமாவாசைக்கு இலையில் சோறு எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனார்கள். கா, கா என்று சார் கூப்பிட்டார். முதலில் ஒரு காக்கை கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, தலையை ஒருக்களித்து இலையைப் பார்த்தது. பக்கத்தில் வந்தது. மேலே ஒரு கொத்து. இலையைச் சுற்றிப் போய் அடியில் ஒரு கொத்து. பிறகு சுவருக்கே திரும்பிப் போய் அலகைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தது.

"என்ன சொல்லுது?" என்றார் சார், குரலைத் தாழ்த்தி.

"உங்க அப்பாவாச்சே" என்றார் அந்த அம்மா. "கொஞ்சம் டைம் எடுத்துக்குவார்."