கல் ஊருக்குப் போக என்ன வேண்டும்?

அல்பேனியாவின் ஜிரோகாஸ்தருக்குப் போகிறவர் மறக்காமல் கொண்டுபோக வேண்டியது கேமராதானே?

கேமரா அப்புறம். ஊர் முழுக்கக் கல்; அதனால் முதலில் கால்! வீதி கல், சுவர் கல், கூரைகூட ஓடில்லை, கல் பலகைதான். மழை பெய்தால் அந்தச் செங்குத்தான ஏற்றம் வழுக்கும். நல்ல பிடிப்புள்ள ஷூ அவசியம்.

கோட்டைக்கு ஏறிவிட்டால் ஓர் ஆச்சரியம்: பெயின்ட் உதிர்ந்த அமெரிக்க ராணுவ ஜெட்! 1957-இல் அல்பேனியாவில் தரையிறங்கிய அதை ‘உளவு விமானம்’ என்று சொல்லிக் காட்சிக்கு வைத்தது அன்றைய அரசு.

சர்வாதிகாரி என்வர் ஹோஜா, நாவலாசிரியர் இஸ்மாயில் கதாரே இருவரும் பிறந்தது இதே ஊரில்தான். ஹோஜா பிறந்த வீடு இருந்த இடத்தில் இன்று இனவியல் அருங்காட்சியகம்.

2005-இலேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய நகரம். அரை நாளில் ஓடிவந்துவிடாதீர்கள். ஓர் இரவாவது தங்குங்கள்.