காதுக்கு எட்டாத மெகாஹெர்ட்ஸ்

ஏங் கண்ணு, மூஞ்சி ஏன் இப்படி வாடிக் கெடக்குது? ஆம்பிளிபயரைச் சோதிக்க ஆஸிலாஸ்கோப் வாங்கணுமா? அதுவும் 200 மெகாஹெர்ட்ஸ்தான் வேணுமா? அட சாமி! மனுசக் காதுக்கு எட்டறது 20 ஆயிரம் ஹெர்ட்ஸ். என்ற வயசுக்கு அதுல பாதி கேட்டாலே பெருசு. நீ கேக்கறது 20 கோடி. ஆட்டுப்பட்டிக்கு மைசூரு அரமனை வாசக்கதவு கேட்ட கதையால்ல இருக்குது!

இதே மைசூருல 1935-ல, மகாராஜா காலேஜ் மனோதத்துவ வாத்தியார் எம்.வி. கோபாலசுவாமி, தன்ற ஊட்டுலயே 30 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒண்ணை வெச்சு, ஆகாசவாணின்னு பேருஞ் சூட்டி ரேடியோ நடத்துனாரு. பொறவு அந்தப் பேருதான் ஆல் இந்தியா ரேடியோவுக்கே வந்துச்சு. நீ என்ன செய்யறே? டிடிஏ2030 ஆம்பிளிபயர் ஐசி போட்டு ஒத்த ஸ்பீக்கரைப் பாட வெக்கறே. அதுக்கு இத்தனை வெசனமா?

20 மெகாஹெர்ட்ஸ் தாராளம். அதுகூடப் பாட்டுக்கு இல்ல. ஐசி சில நேரம் காதுக்குக் கேக்காத வேகத்துல தானா ஆடும். பாட்டே ஓடாது, ஹீட்சிங்க் மட்டும் கொதிக்கும். அந்தத் திருட்டு ஆட்டத்தைப் பிடிக்கத்தான் அந்த எச்சு. கடையில 50-க்குக் கீழ இல்லைன்னா 50-யே வாங்கிக்க, ஆரு வேண்டாங்கறா?

நீ பாக்க வேண்டியது பிட்டு. 8 பிட்டுன்னா திரையில மேல கீழ 256 படி. 12 பிட்டுன்னா 4,096. பெரிய அலை மேல ஒட்டிக்கிட்டிருக்கற சின்னக் கொறை 256-ல ஒளிஞ்சுக்கும். ரிகோல் டிஎச்ஓ804-ல 12 பிட்டு, 70 மெகாஹெர்ட்ஸ், நாலு சேனல் வருது. ஆனா 0.01 சதவீத டிஸ்டார்ஷனை அதுல கண்ணால பாப்பேன்னு சொல்லாத, சிரிச்சுப்போடுவேன். அதுக்குக் கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டு போதும். ஆம்பிளிபயரை நேராச் செருகிப்போடாத. ரெண்டு ரெசிஸ்டர்ல வோல்ட்டைக் கொறச்சுக் குடு.

இன்னொண்ணு. ஸ்கோப்போட புரோப் ஒயருல கறுப்புக் கிளிப் தொங்குதே, அது எங்க போகுது தெரியுமா? மூணு பின் வழியாச் செவுத்து எர்த்துக்கு. இப்ப வர்ற கிளாஸ்-டி போர்டு பலதுல ஸ்பீக்கரோட ரெண்டு ஒயருலயும் சிக்னல் ஓடும். ஒண்ணுல கிளிப்பை மாட்டறே. போர்டோட சப்ளையும் எர்த்தோட சேர்ந்திருக்குது. டப்புன்னு ஐசி போயிரும். உடனே ஒரு கெட்டிக்காரன் வருவான், "ஸ்கோப்போட எர்த் பின்னைப் பிடுங்கிரு"ன்னு. அவன் கையால ஸ்கோப்பைத் தொடச் சொல்லு, தொடுவானா? ரெண்டு புரோப்பை ரெண்டு ஒயருல வை. கிளிப் ரெண்டும் போர்டு கிரவுண்டுல. திரையில ஒண்ணுலிருந்து ஒண்ணைக் கழிச்சுக்க. முடிஞ்சுது சோலி.

வாங்கிப்போட்டு மொதல்ல என்ன பண்ணுவே? படம் பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புவே. அதுக்கு முன்னால புரோப்பை 10எக்ஸ்-ல வெச்சு, ஸ்கோப் மூஞ்சியிலயே 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை குடுக்கற கொக்கியில மாட்டு. மூலை உருண்டிருந்தாலோ, கொம்பு மொளச்சிருந்தாலோ, புரோப்ல இருக்கற சின்ன திருகைத் திருப்பி நேராக்கு. அதுக்குப் பொட்டிக்குள்ளயே ஒரு குட்டி பிளாஸ்டிக் திருப்புளி வெச்சிருப்பான்.

அதைக் கவரோட குப்பையில போட்டுப்போடாத. பொறவு போய்க் கிளறோணும்.