படிப்பு அட்டவணை: தோற்றமும் ஆயுளும்

படிப்பு அட்டவணை என்பது 6 முதல் 8-ஆம் வகுப்பு வரையுள்ள மாணவர் படிப்பதற்கு முன்பும், பல வேளைகளில் படிப்பதற்குப் பதிலாகவும் தயாரிக்கும் சுவரொட்டி. ஐந்தாம் வகுப்புவரை அம்மா பிடித்து உட்காரவைக்கும் நேரமே படிக்கும் நேரம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அந்தப் பொறுப்பை டியூஷன் எடுத்துக்கொள்கிறது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில்தான் மாணவர் தன் நேரத்துக்குத் தானே அதிகாரி. இந்தக் கலை அப்போது செழிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அட்டவணை பிறக்கும் காலங்கள் இரண்டு. ஒன்று, ஜூன் மாதத்தில் நோட்டுகளுக்கெல்லாம் பிரவுன் ஷீட் அட்டை போட்டு லேபிள் ஒட்டிய இரவு. மற்றது, ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்து விழுந்த இரவு. முன்னது உற்சாகத்தில் பிறப்பது, பின்னது பயத்தில். பயத்தில் பிறந்ததற்கு ஆயுள் இரண்டு நாள் கூடுதல். 2012-13-இல் தமிழ்நாட்டு அரசு எட்டாம் வகுப்புவரை முப்பருவ முறையைக் கொண்டுவந்து, ஓராண்டுப் பாடத்தை மூன்று புத்தகங்களாகப் பிரித்தது. நோக்கம் சுமையைக் குறைப்பது, பையும் இளைத்தது. கூடவே, புதிதாகத் தொடங்கலாம் என்று மனம் துள்ளும் நாளும் ஆண்டுக்கு மூன்றானது.

மூலப்பொருள், நோட்டின் நடுப்பக்கம். பின்னை நிமிர்த்தி உருவினால் இரட்டைத் தாள் கிடைக்கும். நோட்டு இளைத்தது வெளியே தெரியாது. கணக்குக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை என்று ஸ்கெட்ச் பென் நிறங்கள் பங்கிடப்படும்போது, எது மிஞ்சுகிறதோ அது சமூக அறிவியலுக்கு. கட்டங்களைத் திங்களிலிருந்து தாராளமாகப் போட்டுக்கொண்டே வருவதால், வெள்ளிக்கிழமை நெருக்கடி தொடங்கி, ஞாயிறு ஒரு விரற்கடை அகலத்தில் போய் ஒண்டிக்கொள்கிறது. அதில் ‘ரிவிஷன்’ என்று எழுதவே இடமிராது. இது அளவுப் பிழையா, முன்யோசனையா என்பது தீராத விவாதம். இந்தக் கட்டுரை இரண்டாவதன் பக்கமே சாய்கிறது.

முதல் வரி ஏறக்குறைய எல்லா அட்டவணையிலும் ஒன்றே: ‘4.30 எழுதல்’. அதிகாலையில் படித்தால் மனதில் நிற்கும் என்பது வீட்டுப் பெரியவர்களின் கொடை. அடுத்து, ‘4.30–4.40 பல் துலக்குதல்’. நிமிடக் கணக்கில் இவ்வளவு கறாராக இருக்கும் இந்த ஆவணத்தில், பேனா தேடுவதற்கும், நண்பனிடம் போன அறிவியல் நோட்டை மீட்பதற்கும், தண்ணீர் குடிக்க ஐந்து முறை எழுந்து போவதற்கும் ஒரு கட்டம்கூட இல்லை. இதற்காகச் சிறுவர்களைக் குறை சொல்வது நியாயமல்ல. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று மனிதர்கள் குறைத்தே கணக்கிடுவதை 1979-இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் அமோஸ் ட்வெர்ஸ்கியும் ஒரு பிழையாக இனங்கண்டு பெயர் வைத்தார்கள். 1994-இல் வெளியான ஒரு கனடா ஆய்வில், பட்டப்படிப்பு மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 34 நாள் போதும் என்றார்கள். பிடித்தது 55 நாளுக்கு மேல். ஆய்வேடு எழுதுபவர்கள் கதியே இதுவென்றால் ஏழாம் வகுப்பை என்ன சொல்வது?

அட்டவணையில் கட்டமில்லாத இன்னொன்று மறதி. படித்தது மறக்கும் விதத்தை 1885-இல் எழுதிவைத்தவர் ஜெர்மானியரான ஹெர்மன் எபிங்ஹாஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, தம்மையே சோதித்துப் பார்த்தார். மறதியின் பெரும்பங்கு முதல் சில மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஒரே மூச்சில் படிப்பதைவிட, விட்டுவிட்டுப் படிப்பது தங்குகிறது. 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் காட்டியது இன்னொன்று: திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நீண்ட நாள் நிற்கும். தமிழ் வீடுகளில் இதற்கு ஒப்பிப்பது என்று பெயர். ஒரு கையில் கரண்டியும் மறு கையில் புத்தகமுமாக அடுப்படியில் நிற்கும் அம்மா, “ஒளிச்சேர்க்கைன்னா என்னடா?” என்று கேட்பது உயர்தரமான கற்றல் முறை. புரியாமல் ஒப்பித்தால் பயனில்லை என்பது உண்மைதான். ஆனால் எந்த அட்டவணையிலும் இடம்பெறாத இந்தக் கால் மணி நேரத்தில்தான் வீட்டின் பெரும்பாலான படிப்பு நடக்கிறது.

அட்டவணையின் வாழ்வு சுருக்கமானது. முதல் நாள் அலாரம் அடித்து வீடு முழுவதும் எழுகிறது. இரண்டாம் நாள் அப்பாவே அதை அணைத்துவிடுகிறார். மூன்றாம் நாள் விடுபட்ட பாடங்கள் நாளைய கணக்கில் ஏற்றப்படுகின்றன. ஐந்தாம் நாள், குற்றம் அட்டவணையுடையது என்று தீர்ப்பாகி, 5.30-க்கு எழும் திருத்திய பதிப்பு வருகிறது. ஆண்டில் ஒரே ஒரு நாள்தான் இரு பதிப்புகளையும் மீறுவது குற்றமாவதில்லை: சரஸ்வதி பூஜை. அன்று புத்தகங்கள் சாமி முன் இருக்கும், படிக்கத்தான் கூடாதே.

பிறகு யாரும் அதைப் பார்ப்பதில்லை, கழற்றுவதுமில்லை. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருபவர் பிடித்து இழுக்கும்போது தாள் கையோடு வந்துவிடுகிறது. சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டிய நான்கு மூலைகள் மட்டும் சுவரை விடுவதில்லை. மேலே இடது மூலையில் இன்னும் படிக்க முடிவது: ‘4.30 எழுதல்’.