கைதிக்கு எதற்கு நிம்மதி?

கேள்வி: சிறையில் கைதிகளுக்கு யோகா, தியானம் எல்லாம் சொல்லித் தருகிறார்களாமே! தப்பு செய்தவனுக்கு எதற்கு மன நிம்மதி? கருமாரியம்மன் கோயிலில் மணிக்கணக்கில் க்யூவில் நின்றால்தான் எங்களுக்கே அது கிடைக்கிறது.
– ஒரு வாசகி, திருவேற்காடு

பதில்: அம்மன் தரிசனம் கொடுத்து வெளியே அனுப்பிவிடுகிறாள். புழல் சிறையில் அந்த வசதி கிடையாதே, அம்மா! கோர்ட் பறிப்பது சுதந்திரத்தை மட்டும்தான். தூக்கத்தையும் பறிக்கச் சொல்லித் தீர்ப்பில் எழுதுவதில்லை.

1994-இல் கிரண் பேடி திகார் சிறையைக் கவனித்துவந்தபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் தியான ஆசிரியர் கோயங்காவிடம் விபாசனா தியானம் பயின்றார்கள். பத்து நாள் மௌன விரதம்! வெளியில் இருக்கும் நம்மிடம் பத்து நிமிஷம் செல்போனைப் பிடுங்கினாலே ரத்தக்கொதிப்பு ஏறுகிறது.

நம்ம ஊர் ஆளையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவைச் சிறையில் செக்கிழுத்த வ.உ.சி., சிறைவாசத்தின்போது ஜேம்ஸ் ஆலனின் தன்னம்பிக்கை நூலை 'மனம்போல வாழ்வு' என்று தமிழாக்கினார். சிறைக்குள் மனம் உடையாமல் இருக்கப் புத்தகமும் ஒரு மருந்து.

தண்டனை முடிந்தால் கைதி திரும்பி வரப்போவது நம் தெருவுக்குத்தான். கறுவிக்கொண்டு வருவதைவிட, கொஞ்சம் தெளிந்து வந்தால் நமக்கல்லவா நல்லது? சென்னைப் புத்தகக் காட்சியில் 'கூண்டுக்குள் வானம்' என்று அரங்கு போட்டு, கைதிகளுக்காகச் சிறைத்துறை புத்தகம் திரட்டியது. அடுத்தமுறை கண்ணில் பட்டால் ஒன்று கொடுங்கள். ஆனால், துப்பறியும் நாவல் வேண்டாம். கொலையாளி யாரென்று முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுவார்கள்!