பதுளை மலையேற்றத்தில் மொரிஸ் மைனரின் சில்லு விட்டம்: ஓர் ஆய்வு முன்வரைவு

ஊவாத் தேயிலையின் மணத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். தெமோதரையில் ரயில் பாதை ஒரு சுற்றுச் சுற்றித் தனக்கு அடியிலேயே நுழைந்து போவதையும் ஆராய்ந்திருக்கிறார்கள். அதே மலையில் மூச்சிரைத்து ஏறும் பழைய மொரிஸ் மைனருக்கு எந்த அளவு டயர் போடுவது என்ற கேள்வியை மட்டும் கராஜ் பாஸ்மாரிடம் விட்டுவிட்டார்கள். அந்தக் குறையை நீக்கவே இக்கட்டுரை.

இத்துறையில் முதலாவது தரப்பினர் மூலப்பாடவாதிகள். கம்பெனி 5.20-14 என்றால் 5.20-14தான், அதில் கைவைப்பது மகாபாவம். இவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. முந்திய மொரிஸ் எயிட் 17 அங்குலச் சில்லில் ஓடியது. 1948இல் வெளிவந்த மைனருக்கு அதை 14 ஆகக் குறைத்தவர் அதை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ். அதோடு நின்றாரா? மாதிரிக் காரை நெடுக்காக இரண்டாக அறுத்து, நடுவில் நான்கு அங்குலம் சேர்த்து அகலமாக்கினார். அளவு மாற்றுவது பாவமென்றால் அதன் ஆதிகர்த்தா அவரே.

மைனர்கள் இன்னும் இங்கே ஓடுவதற்கு நம் அரசாங்கங்களும் காரணம். 1970களில் இறக்குமதிக் கதவை ஒரு தடவை சாத்தினார்கள், 2020இல் மறுபடியும் சாத்தினார்கள். உலகத்துக்கெல்லாம் திண்ம டயர் ஏற்றுமதி செய்கிற நாடு இது. மொனராகலைப் பக்கம் றப்பர்த் தோட்டங்களும் உண்டு. ஆனால் டயர் கடையில் 5.20-14 கேட்டால் கிடைக்கும் விடை, "ஐயா, ஓட்டோ டயர் இருக்கு, லொறி டயர் இருக்கு."

ஆகவே இரண்டாவது தரப்பு எழுந்தது: கிடைக்கிற ரேடியல் டயரைப் போடுபவர்கள். 155/80R14 ஏறத்தாழப் பழைய உயரமே: விட்டம் சுமார் 604 மில்லிமீற்றர். சிக்கல் 165/65R14இல்தான். கேட்க அகலமான, கம்பீரமான டயர், விட்டமோ 570. இனி கணக்கு. பதுளையிலிருந்து பண்டாரவளைக்குச் சுமார் 30 கிலோமீற்றர். அந்தத் தூரத்துக்குச் சிறிய சில்லு ஒவ்வொன்றும் 900 தடவைக்கு மேல் கூடுதலாகச் சுற்ற வேண்டும். கியர் தாழ்ந்ததுபோல் ஆவதால் ஹாலிஎல தாண்டி ஏற்றத்தில் 948 சிசி எஞ்சினுக்கு அது உபகாரம். வேகமானியும் உண்மையைவிடச் சுமார் 6 வீதம் உயர்த்திச் சொல்லும். ஓட்டுபவர் பெருமையோடு போய்ச் சேருவார். இதை நான் குறையாகக் கருதவில்லை. உண்மையான குறை கீழே இருக்கிறது: காரின் வயிறு 17 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும். ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தோட்டப் பாதைகளில் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் கற்களுக்கு இந்தச் செய்தி உடனே எட்டிவிடும். போதாததற்கு, பழைய ரிம் ஒடுங்கியது. அகல டயரின் பக்கச்சுவர் அதில் இறுகிய பெல்ட்டுக்கு மேல் தொப்பைபோலப் பிதுங்கும். வளைவில் கார் ஒரு திசையிலும் டயர் ஒரு திசையிலும் சாயும்.

மூன்றாவது தரப்பினர் கலப்புவாதிகள். கைக்கு வந்த இரண்டைப் புதிதாகப் போட்டு, மற்ற இரண்டையும் அப்படியே விடுவார்கள். விஞ்ஞானம் இவர்களிடம் கொஞ்சம் கருணை காட்டுகிறது. ஒரே அச்சில் ரேடியலும் பழைய குறுக்கிழை டயரும் கலக்கக் கூடாது. கலந்தே ஆகவேண்டுமென்றால் ரேடியல் பின்னால்தான். முன்னால் போட்டால் முன்சில்லுகள் ரோட்டைக் கெட்டியாகப் பிடிக்க, பின்பக்கம் வழுக்கும். எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கும் முடக்குகளில், மழை நாளில், பின்சில்லு முன்சில்லை முந்தப் பார்க்கும். ஆனால் புது டயர் வாங்கியவர் அது நாலு பேர் கண்ணில் பட வேண்டுமென்று முன்னால்தான் போடுவார். யாழ்ப்பாணத்துச் சமதரையில் ஆஸ்டின் ஓட்டும் நண்பர்களுக்கு இந்தப் பகுதி புரியாவிட்டால் பரவாயில்லை.

எஞ்சியிருப்பது ஸ்பெயார் சில்லு. டிக்கித் தட்டுக்கு அடியில் கிடக்கும் அதில்தான் பெரும்பாலும் அசல் 5.20-14 என்ற எழுத்து அழியாமல் இருக்கிறது. மூலப்பாடவாதிகள் அதை வெளியே எடுத்துக் காட்ட மறுக்கிறார்கள். காற்று இருக்கிறதா என்று பார்க்கவும் விடுவதில்லை. யாருக்காவது பஞ்சராகும்வரை ஆய்வின் அப்பகுதி ஒத்திவைக்கப்படுகிறது.